வாளி சொன்ன தீர்ப்பு

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு சொற்போர் நடந்தது. ‘பூமி சுழல்கிறது என்பதும் வானம் சுழல்கிறது என்பதும் ஒன்றே’ என்பது தலைப்பு. ஒன்றே என்னும் கட்சிக்காக நான் பேசினேன், வென்றேன். பரிசாகக் கிடைத்த புத்தகம் இன்றும் என் விடுதி மேசையின்மேல் இருக்கிறது. அந்த வெற்றியைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அன்று நான் சொன்னவை இவை. சென்னையிலிருந்து தில்லிக்கு இரயிலில் வராதவர் நம்முள் எவர்? ஏதோ ஒரு நிலையத்தில் நம் வண்டி நிற்கிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி. திடீரென்று நாம் நகர்கிறோம். மறுகணம் பார்த்தால் நகர்ந்தது நாம் அன்று, அடுத்த வண்டி! ஆகவே, இயக்கம் என்பது ஒன்றைச் சார்ந்து மற்றொன்றுக்குச் சொல்லப்படுவதே. 499-ஆம் ஆண்டில் தம் நூலை எழுதிய ஆரியபட்டரும், ஓடத்தில் செல்பவனுக்குக் கரை பின்னோக்கிப் போவதுபோல, நிலையான விண்மீன்கள் நமக்கு மேற்கு நோக்கிப் போவதாகத் தோன்றுகின்றன என்றார். இருபதாம் நூற்றாண்டில் ஐன்ஸ்டீன் வந்து எல்லாம் சார்பே என்று முடித்துவிட்டார். ஆதலால் பூமி சுழல்கிறது என்றாலும் சரி, வானம் சுழல்கிறது என்றாலும் சரி. பார்ப்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது அது. இவ்வாறு பேசி அமர்ந்தேன். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

விழா முடிந்து சர்க்கரைப் பொங்கல் வாங்க நிற்கையில், எதிர்க்கட்சியில் பேசித் தோற்ற முதலாண்டு மாணவத் தம்பி என்னருகில் வந்தான். “அண்ணே, ஒன்று கேட்கலாமா? நீங்கள் சொன்ன இரயிலில் கண்ணை மூடிக்கொண்டால் ஓடுகிறோமா நிற்கிறோமா என்று தெரியாதுதான். ஆனால், எங்கள் ஊர்த் திருவிழாவில் குடை இராட்டினத்தில் ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாலும் சுற்றுகிறோம் என்று தெரிகிறதே, அது எப்படி?” என்றான்.

நான் சிரித்தேன். “அதெல்லாம் மையவிலக்கு விசை தம்பி. அது பொய் விசை. பாடத்தில் வரும், படித்துக்கொள்” என்று அவன் தோளில் தட்டிவிட்டு நகர்ந்தேன். அவன் முகம் வாடியதை நான் கவனித்தேன். கேள்விக்கு விடை சொல்லத் தெரியாதவன் கேட்டவனைச் சிறியவனாக்கிவிட்டுத் தப்புவது பழைய வழக்கம். அன்று அவ்வழக்கத்தை நானும் கைக்கொண்டேன்.

ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பொய் விசை என்றால் வயிற்றைப் புரட்டுவானேன்? இராட்டினம் நின்று உலகம் சுழன்றால் அதே குமட்டல் வருமா?

இதே கேள்வியை நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ‘பிரின்சிப்பியா’விலேயே கேட்டிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட கருவி மிக எளியது: ஒரு கயிறு, ஒரு வாளி, கொஞ்சம் தண்ணீர். நாமோ கிணற்றடியில் வளர்ந்தவர்கள். முறுக்கேறிய கயிற்றில் வாளி கிறுகிறுவென்று சுற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். தண்ணீரின் முகத்தைத்தான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதியின் பின்புறம் உள்ள வேப்பமரக் கிளையில் என் குளியலறை வாளியைக் கட்டித் தொங்கவிட்டேன். பாதியளவு தண்ணீர் ஊற்றினேன். நீரின் சுழற்சி கண்ணுக்குத் தெரிவதற்காக ஒரு சிட்டிகை மரத்தூளையும் தூவினேன். கயிற்றை நன்றாக முறுக்கி, தண்ணீர் அசைவற்று நிற்கும்வரை பிடித்திருந்து, பிறகு கையை விட்டேன். காவற்காரர் சற்றுத் தொலைவில் நின்று, இந்த மதராஸிப் பையனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வாளி சுழன்றது, தண்ணீர் சுழலவில்லை. மரத்தூள் நின்ற இடத்திலேயே நின்றது. நீரின் முகம் தட்டையாகவே இருந்தது. சிறிது நேரத்தில் வாளியின் சுவர் தண்ணீரையும் இழுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றாய்ச் சுழன்றன. அப்பொழுது நீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்தது. பிறகு வாளியை இரு கைகளாலும் பற்றி நிறுத்தினேன். வாளி நின்றது, தண்ணீர் நிற்கவில்லை, குழிவும் போகவில்லை. கடைசியில் தண்ணீரும் ஓய்ந்தது. முகம் மீண்டும் தட்டையாயிற்று.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாம் இருக்கிறது. சுழற்சி என்பது அருகிலுள்ள பொருளைச் சார்ந்தது மட்டுமே என்றால், நீரின் குழிவு வாளியைச் சார்ந்திருக்க வேண்டும். முதற்கட்டத்தில் வாளிக்கும் நீருக்கும் இடையே சார்பியக்கம் மிகுதி. ஆனால் குழிவு இல்லை. இரண்டாங்கட்டத்தில் சார்பியக்கம் சிறிதும் இல்லை; ஆனால் குழிவு இருக்கிறது. மூன்றாங்கட்டத்தில் சார்பியக்கமும் உண்டு, குழிவும் உண்டு. ஆகவே, வாளி எப்படிச் சுழன்றாலும் தண்ணீருக்குக் கவலையில்லை. தான் சுழல்கிறதா இல்லையா என்பதைத் தண்ணீர் வாளியைக் கேட்டு அறிவதில்லை. அப்படியானால் எதைக் கேட்டு அறிகிறது?

‘வெளியைக் கேட்டு’ என்றார் நியூட்டன். எப்பொருளையும் சாராத தனி வெளி ஒன்று உண்டு. அதனிடத்தில் சுழல்வதே மெய்ச் சுழற்சி என்பது அவர் முடிவு. வேறு எதுவும் இல்லாத வெறுவெளியில் இரண்டு உருண்டைகளைக் கயிற்றால் பிணைத்து விட்டாலும், கயிறு விறைப்பாக இருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து அவை சுழல்வதைக் கண்டுகொள்ளலாம் என்றும் அவர் கூறினார்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பெர்க்லி என்னும் தத்துவ அறிஞர் 1721-இலேயே மறுத்தார். கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத தனி வெளி எதற்கு, விண்மீன்களைச் சார்ந்து சுழல்கிறது என்றால் போதாதா என்பது அவர் கருத்து. 1883-இல் ஆஸ்திரிய நாட்டுப் பௌதிக அறிஞர் எர்னஸ்ட் மாக் இம்மறுப்பைக் கூர்மையாக்கினார். நியூட்டன் காட்டியதெல்லாம் அற்பக் கனமுள்ள வாளிக்குத் தண்ணீர் அசைந்து கொடுக்கவில்லை என்பதைத்தான். வாளிச்சுவர் ஒரு மலைத்தொடரைப்போல் கனத்திருந்தால் என்ன நடக்கும் என்று யார் கண்டார்கள்? தண்ணீரைக் குழியச் செய்வது வெறுவெளி அன்று. தொலைவிலுள்ள விண்மீன்கள் அனைத்தின் பொருண்மை என்று ஏன் கொள்ளக்கூடாது? அப்படிக் கொண்டால் வாளி நின்று வானம் முழுதும் சுழன்றாலும் தண்ணீர் குழியும், சுழற்சியும் சார்புடையதாகிவிடும்.

மாக் எழுப்பியது வீண் வழக்கு அன்று. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அவர் கேள்வியில் ஒரு பெரிய உண்மை ஒளிந்திருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் ஊசலைப் பார்க்க வேண்டும்.

1851-இல் பாரிஸ் நகரத்துப் பாந்தியன் மண்டபத்தில் பூக்கோ என்பவர் 67 மீட்டர் நீளமுள்ள கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு ஆட்டினார். குண்டு ஆடும் திசை மணிக்கு மணி திரும்பிக்கொண்டே போயிற்று. திருப்பியவர் எவரும் இலர்; திரும்பியது மண்டபத்தின் தரை. அத்தகைய ஊசல் ஒன்று நாம் படிக்கும் இவ்வூரிலேயே, 2023-இல் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்குகிறது. தில்லியில் ஊசலின் திசை ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும். சென்னையில் வைத்தால் ஏறத்தாழ 106 மணி. கன்னியாகுமரியில் 170 மணி, அஃதாவது ஏழு நாளுக்குச் சற்று மேல். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. கதவு சன்னல்களை அடைத்த ஓர் அறைக்குள் உட்கார்ந்து, வானத்தை ஒருமுறைகூடப் பாராமல், பூமி சுழல்வதை மட்டுமன்றி நாம் எந்த அட்சரேகையில் இருக்கிறோம் என்பதையும் கணக்கிட்டுவிடலாம்! இரயிலில் கண்ணை மூடிக்கொண்டவனுக்கு இது கிட்டுமா?

இன்னொன்றையும் கேளுங்கள். துருவத்தில் இவ்வூசல் ஒரு சுற்றுத் திரும்ப ஆகும் காலம் 24 மணி அன்று. 23 மணி 56 நிமிஷம். சூரியனை வைத்து அளந்தால் ஒரு நாள் 24 மணி. விண்மீன்களை வைத்து அளந்தால்தான் நான்கு நிமிஷம் குறைகிறது. ஆக, ஊசல் தன் திசையை நட்சத்திரங்களோடு ஒட்ட வைத்துக்கொள்கிறது. மேகம் மூடிய இரவிலும், கூரை மூடிய மண்டபத்திலும், தான் காணாத விண்மீன்களை அது எப்படியோ அறிந்து வைத்திருக்கிறது. மாக் வியந்தது இதைத்தான். இது தற்செயலாக இருக்குமா?

இனி, என் பழைய பேச்சைத் தகர்த்த சான்றுக்கு வருகிறேன். மைக்கல்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானியின் பெயரைப் பௌதிக மாணவர் அனைவரும் அறிவர். 1887-இல் அவரும் மார்லியும் பூமியின் ஓட்டத்தை ஒளியைக் கொண்டு அளக்க முயன்றனர். சூரியனைச் சுற்றிப் பூமி வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அவ்வளவு பெரிய வேகத்தின் அடையாளம் அவர்கள் கருவியில் தென்படவேயில்லை. சார்பியற் கொள்கையை விளக்கும் நூல்களிலெல்லாம் இச்சோதனை முதலிடம் பெறுகிறது. என் மேடைப் பேச்சிலும் பெற்றது.

ஆனால், அதே மைக்கல்சன் 1925-இல் கேல் என்பவருடன் சேர்ந்து சிக்காகோ நகரருகே செய்த சோதனையை நான் மேடையில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், எனக்கே அது தெரியாது. ஏறத்தாழ 610 மீட்டர் நீளமும் 340 மீட்டர் அகலமுமாகக் குழாய்களை நாற்கோணமாகப் பதித்து, உள்ளிருந்த காற்றை இறைத்தெடுத்து, ஒளியை இரண்டாகப் பிரித்து எதிர் எதிர்த் திசைகளில் சுற்றிவரச் செய்தனர். பூமி சுழல்வதால் ஒரு கதிர் மற்றதைவிடச் சற்றே பிந்தி வரவேண்டும். கணக்குப்படி ஒளிவரிகள் நகரவேண்டிய அளவு ஒரு வரியகலத்தில் 0.236 பங்கு, சோதனையில் கண்டது 0.230. சிக்காகோவில் பூமியின் சுழற்சி வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர்தான். 30 கிலோமீட்டரைக் காட்ட மறுத்த ஒளி, அதில் நூற்றில் ஒரு பங்கு அளவேயான வேகத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஏன்? முன்னது ஏறக்குறைய நேர்கோட்டு ஓட்டம், பின்னது சுழற்சி. இயற்கை இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை.

1913-இல் சாஞாக் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி ஆய்வுக்கூடத்து மேசையின்மேல் முதலில் காட்டிய விளைவு இது. இன்று பல விமானங்களில் திசையறியப் பயன்படும் லேசர்க் கருவி இதை நம்பியே வேலை செய்கிறது. அக்கருவி சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதில்லை. வாளித் தண்ணீரைப்போல, அதற்கும் தன் சுழற்சி தானே தெரியும்.

“அதெல்லாம் சரி, ஐன்ஸ்டீன்?” என்று கேட்பீர்கள். நானும் அவருடைய நிழலில்தான் ஒதுங்கியிருந்தேன். அவருடைய பொதுச் சார்பியற் கொள்கை, எந்த இடத்தில் நின்றும் இயற்கை விதிகளை எழுதலாம் என்கிறது. பூமியை அசையாததாக வைத்து எழுதவும் தடையில்லை. ஆனால், எழுதலாம் என்பது வேறு, வேறுபாடே இல்லை என்பது வேறு. தில்லியை நடுவில் வைத்தும் இந்தியாவின் படத்தை வரையலாம், மதுரையை நடுவில் வைத்தும் வரையலாம். அதற்காக இமயமலை இடம் பெயர்ந்து வைகைக் கரைக்கு வந்துவிடுமா? பூமியை அசையாததாக வைத்தால், மையவிலக்கு விசையையும் கொரியோலி விசையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தாக வேண்டும். சுழலாத இடத்திலிருந்து எழுதினால் அவை வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை எந்தப் படமும் அழிக்காது.

ஐன்ஸ்டீன் மாக்கிடம் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். ‘மாக் தத்துவம்’ என்ற பெயரையே 1918-இல் இட்டவர் அவர்தாம். அவ்வாண்டிலேயே லென்சு, திர்ரிங் என்னும் இருவர் அவருடைய கொள்கையிலிருந்து ஒரு முடிவைக் கண்டனர். கனமான பொருள் ஒன்று சுழன்றால், அருகிலுள்ள பம்பரத்தின் அச்சை அது மிகச் சிறிதளவு தன்னோடு இழுக்கும் என்பதே அம்முடிவு. வாளிச்சுவர் கனத்தால் என்ன நடக்கும் என்று மாக் கேட்டாரே, அதற்குக் கிடைத்த முதல் விடை இது. 2004-இல் அமெரிக்கர்கள் நான்கு படிகக் கோளங்களைச் சுழலவிட்டு, 642 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரச் செய்தனர். சுழலும் பூமி அவற்றின் அச்சை எவ்வளவு இழுக்கிறது என்பதன் விடை 2011-இல் வெளிவந்தது. ஒரு பாகையை 36 இலட்சம் கூறாக்கினால், ஆண்டுக்கு 39 கூறு திரும்ப வேண்டும் என்றது கொள்கை. 37 என்றது சோதனை, ஏழு கூறு வரை பிழைக்கு இடம் வைத்து. மாக்கின் ஐயம் வெறுங்கனவு அன்று என்பது இதனால் விளங்கும்.

எனினும், அது பாதி வழிதான் வந்தது. ஐன்ஸ்டீனின் சமன்பாடுகள், விண்மீன் ஒன்றுமே இல்லாத வெற்றுலகத்தையும் ஒப்புக்கொள்கின்றன. அங்கேயும் நியூட்டனின் இரு உருண்டைகள் சுழன்றால் கயிறு விறைக்கும். 1949-இல் கோடெல் என்பவர், உலகத்துப் பொருளெல்லாம் பம்பரங்களைச் சார்ந்து ஒருசேரச் சுழலும் விந்தையான ஒரு பிரபஞ்சமும் அச்சமன்பாடுகளுக்குப் பொருந்தும் என்று காட்டினார். அங்கே பூக்கோவின் ஊசல் நட்சத்திரங்களோடு ஒட்டிப் போகாது. ஐன்ஸ்டீனே 1954-இல் எழுதிய ஒரு கடிதத்தில், மாக் தத்துவத்தைப் பற்றி இனிப் பேசவேண்டியதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார். ஆயினும், நாம் வாழும் உலகில் ஊசலும் நட்சத்திரங்களும் ஒட்டியே போகின்றன. ஏன் என்பதற்கு எல்லோரும் ஒப்பும் விடை இன்றுவரை இல்லை.

ஆகவே, என் துணிபை மூன்று வாக்கியங்களில் சொல்கிறேன். நேர்கோட்டில் சீராகச் செல்லும் இயக்கம் சார்புடையது; மூடிய அறைக்குள் அதை அறிய வழியில்லை. சுழற்சி அத்தகையது அன்று; வானத்தைப் பாராமலே அறியலாம், அளக்கலாம்; இந்தப் பொருளில் அது சார்பற்றது. அந்தச் சார்பின்மைக்கு வேர் வெளியிலா, விண்மீன்களிலா என்பது மட்டுமே இன்னும் முடியாத வழக்கு. இரண்டாவதை மறுப்பவன் சோதனையை மறுக்கிறான். மூன்றாவது முடிந்துவிட்டது என்பவன் அவசரப்படுகிறான். நான் மேடையில் இரண்டு தவறுகளையும் ஒருங்கே செய்தேன்.

இதனால் நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். பெரிதும் உண்டு என்பேன். ‘எல்லாம் சார்பே’ என்பது இன்று எங்கும் செலாவணியாகிவிட்ட நாணயம். எவர் எதைச் சொன்னாலும், அவரவர் பார்வை என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போக ஐன்ஸ்டீன் பெயரைத் துணைக்கு அழைக்கிறோம். சார்பியற் கொள்கை அத்தகைய சோம்பலுக்குப் பிறந்ததன்று. பார்வைக்குப் பார்வை மாறுவது எது, எவர் பார்த்தாலும் மாறாதது எது என்று உமியையும் அரிசியையும் பிரிக்க எழுந்த கொள்கை அது. நீரின் குழிவு எவர் பார்த்தாலும் குழிவுதான். ஓடத்து உவமையால் தோற்றம் இருவிதமாகவும் பொருந்தும் என்பது மட்டுமே பெறப்படும். வராகமிகிரர், பூமி சுழன்றால் பறவைகள் கூட்டுக்குத் திரும்புவது எப்படி என்று கேட்டு ஆரியபட்டர் கொள்கையை மறுத்தார். அவர் கேள்வி தவறான விடைக்கு இட்டுச் சென்றது உண்மையே. ஆனால், தோற்றத்தோடு நில்லாமல் விளைவைத் தேடிய கேள்வி அது. அந்த அளவுக்குக்கூட நான் அன்று போகவில்லை.

இன்னொரு குறையும் நம்மிடம் உண்டு. நாம் சொல்லழகில் மயங்குகிறவர்கள். எதுகையும் மோனையும் இசைந்து வந்தால், பொருள் சற்றுப் பிசகினாலும் கைதட்டிவிடுகிறோம். வகுப்பிலோ, மையவிலக்கு விசை பொய் விசை என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. ஏன் பொய், எவருக்குப் பொய் என்று கேட்டால் மணி அடித்துவிடுகிறது. மேடையில் கைதட்டல், தேர்வில் மதிப்பெண்: இவ்விரண்டுக்கும் நடுவில் அந்தத் தம்பியின் கேள்வி அநாதையாக நின்றது. ஒரு வாளி, ஒரு கயிறு, அரைமணி நேரம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதைச் செய்ய எனக்கு முழுதாக ஆறு மாதம் பிடித்தது.

சங்கத்தின் செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். வரும் பொங்கல் விழாவில் அதே தலைப்பை மீண்டும் வையுங்கள். இம்முறை நான் தோற்ற கட்சியில் பேசுகிறேன். மேடைக்குமேல் ஒரு கொக்கி மட்டும் இருந்தால் போதும். வாளியை நான் கொண்டு வருகிறேன். பரிசுப் புத்தகத்தைப் பழுப்புத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் பெயரை அடித்துவிட்டுத் தம்பியின் பெயரை எழுதியாகிவிட்டது. இன்று மாலை அவன் அறைக்குப் போகிறேன்.